வார்ப்பு எண் பதினேழு

அரிசிப் பையில் சுற்றி, மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில்
நிறுத்திக் கொண்டுவந்தார் சென்னியப்பன்.
பம்புக்கான அலுமினிய உடல்.
அழுத்தச் சோதனையில் கசிந்த நாற்பதில் ஒன்று.
சாக்பீஸில் பதினேழு என்றிருந்தது.

"அறுத்தா ஒரு வெட்டுத்தான் தெரியுமுங்க.
நீங்க அறுக்காமயே பாப்பீங்களாமா?"

பார்ப்போம்.
அரசூர்ப் பக்கம் இந்தத் தகரக் கொட்டகையில்
எங்கள் பிழைப்பே அதுதான்.

ஈயக் கதவைச் சாத்தினால் பூட்டு விழும்,
சிவப்பு விளக்கு எரியும்.
என் காலரில் குத்தியிருக்கும் பட்டை
நான் உணராததை எனக்காக எண்ணிவைக்கும்.
உள்ளே மேசை மெல்லத் திரும்புகிறது,
கால் டிகிரிக்கு ஒரு நிழல்.
ஆயிரத்து நானூற்று நாற்பது நிழல்கள்
சேர்ந்தால் ஒரு உடல்.

முக்கால் மணி நேரம் ஆகும் அதற்கு.
அவர் சும்மா இருக்கவில்லை.
"காரணம் தெரிஞ்சதுதானுங்க. மணல்ல ஈரம்.
பிகாஷ்னு ஒரு ஒடிசாப் பையன்,
தண்ணிய அளக்காம ஊத்தியிருக்கான்.
இன்னைக்கு மத்தியானம் கணக்கு முடிச்சு அனுப்பிட்டனுங்க.
உங்க கையெழுத்து ஒண்ணு இருந்தாப் போதும்,
பம்பு கம்பெனிக்காரனுக்குக் காட்ட."

டீ வந்தது. ஆறியது.

சாம்பல் நிறத்தில் எழுந்தது பதினேழு, திரையில்.
நுங்கு சீவுவதுபோல, ஆனால் கத்தி படாமல்,
ஒவ்வொரு ஏடாக இறங்கினேன்.
குழாய்க் கழுத்து தடிக்கும் இடத்தில்
இருந்தது அது.

ஈரம் கிளப்பும் ஆவி
ஆப்பத்துக் கண்போல உருண்டையாகத்தான் தங்கும்.
இது உருண்டை இல்லை.
கிள்ளி எறிந்த பஞ்சுபோலப் பிய்ந்து
கிளைவிட்டிருந்தது.
குளிர்ந்து சுருங்கும்போது
இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டிருக்கிறது உலோகம்;
கொடுக்க மேலே ஏதும் மிச்சமில்லை.

"ரைசர் என்ன உயரமுங்க?"

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.
நாலு விரக்கடை இருந்ததை இரண்டாக்கியது
ஐப்பசியில், கட்டி விலை ஏறினபோது.
யார் குறைத்தது என்று நான் கேட்கவில்லை.
"நாந்தானுங்க" என்றார், திரையிடம்.

"இன்னொருக்கா சுத்துங்க."
சுற்றினேன். மூன்று தரம்.
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்
பிய்ந்தே இருந்தது.

அறிக்கைப் படிவத்தில்
இடத்துக்குக் கட்டம் உண்டு, அளவுக்கு உண்டு,
வகைக்கும் உண்டு. சுருக்கக் குறை என்று நிரப்பினேன்.
யாரால் என்பதற்குக் கட்டம் கிடையாது.

"பிரிண்ட் அப்புறமாப் போட்டுக்கலாமுங்க" என்று
போனோடு வெளியே போனார்.
கண்ணாடிக்கு அப்பால் காதில் வைத்தார், எடுத்தார்,
மறுபடி எண்ணைத் தட்டினார்.
அவர் வாய் அசையவே இல்லை.

உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஈரோடு தாண்டியிருக்குமுங்களா, வண்டி?"

தாண்டியிருக்கும் என்றேன்.
சேலத்தில் கொஞ்ச நேரம் நிற்கும் என்றும் சொன்னேன்.