எண்ணிக் கொடுப்பது

இருநூறு நாற்காலின்னு சொல்லாதீங்க டீச்சர்.
இருநூறு பேருக்கு நூற்றிப்பத்து தாராளம்.
பால்காய்ச்சுக்கு வாறவங்க
முதல்ல வீட்டைச் சுற்றுவாங்க.
கக்கூஸ் எத்தனைன்னு எண்ணுவாங்க,
அடுக்களை மேடையைத் தட்டிப் பார்ப்பாங்க.
உட்கார நேரம் உள்ளது
மூட்டுவலிக்காரங்களுக்கும்
சம்பந்தம் பேச வந்தவங்களுக்கும்தான்.

வேர்க்கிளம்பி முக்கில் பதினாறு வருஷமா இந்தக் கடை.
பலகையில் 'வில்பிரட் வாடகை நிலையம்'.
வில்பிரட் அபுதாபியில்.
நோட்டு என் கையில்.

டிரில்லிங் மெஷின் அரைநாளைக்கு எடுங்க, போதும்.
ஆனா முந்தின ராத்திரியே
சுவரெல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்க.
மெஷினைக் கையில் பிடிச்சுக்கிட்டு
படம் சன்னலுக்கு மேலயா கதவுக்கு மேலயான்னு
நீங்களும் சாரும் சண்டை பிடிக்கிற நேரத்துக்கும்
எனக்கு வாடகை ஓடும்.

ஏணி வேணும்னா அதைப் பிடிக்க ஒரு ஆளும் வேணும்.
ஆள் நான் வாடகைக்குக் குடுக்கிறதில்லை.
மேக்காமண்டபம் லாறன்ஸ் ஒற்றைக்கு ஏறினார்.
ஏணி மறுநாள் வந்துட்டு.
லாறன்ஸ் நடந்து வர மூணு மாசம்.

பந்தலுக்குத் துணி வேண்டாம், தகரம் போடுங்க.
செய்தியில் சொல்றதைக் கேட்காதீங்க,
மாடியில் ஏறி வேளிமலையைப் பாருங்க.
மலை தலையில் துண்டு கட்டிச்சுன்னா
நாலு மணிக்கு மழை.
தகரத்தை ஒரு பக்கம் ஒரு சாண் தாழ்த்தச் சொல்லுங்க,
பக்கத்து வீட்டு முற்றத்தில் தண்ணி விழாத பக்கமா.
முதல் அழைப்பும்
அந்த வீட்டுக்குத்தான் குடுக்கணும்.

பாயசத்துக்குப் பெரிய வார்ப்பு. தூக்க நாலு பேர்.
உங்க அடுக்களை வாசலில் அது நுழையாது.
கதவு வச்ச ஆசாரி
என் கடையில்தான் டேப்பு கடன் வாங்கினான்,
அளவு எனக்குத் தெரியும்.
கிணற்றுக்குக் கிழக்கே அடுப்பு கூட்டுங்க.
ஜெனரேட்டர் அடுப்புக்கும் அந்தப் பக்கம்,
இல்லேன்னா அவியலில் டீசல் மணக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போறது திங்கள் பத்து மணிக்குள் வரணும்.
கழுவி.
நான் எண்ணிக் குடுப்பேன், நீங்க எண்ணித் தரணும்.
குறைஞ்சா காசு.
கூடினா?

கூடும் டீச்சர்.
குறையறதை விடக் கூடுறதுதான் எனக்குத் தலைவலி.
அவசரத்தில் வீட்டு டம்ளர் கடை டம்ளரோடு சேர்ந்து
சாக்கில் ஏறி வந்துரும்.
இந்தா, இந்தப் பெயின்ட் வாளி நிறைய அதுதான்.
ஞா. செல்லபாக்கியம்.
றோ. மே. 1991.
'அன்பளிப்பு' மட்டும் வெட்டி, ஆர் தந்ததுன்னு வெட்டாத ஒண்ணு.

போன மாசம் திக்கணங்கோட்டில் இருந்து ஒருத்தர் வந்தார்.
வாளியைக் கவிழ்த்துத் தேடி
ஒரு டம்ளரை எடுத்து அடியைத் தடவினார்.
ஆறு வருஷமா அவர் வீட்டுக்காரியும்
தம்பி பெண்டாட்டியும் பேச்சில்லையாம்,
இதை எடுத்தது நீதான்னு.
விளக்கிக் குடுத்தேன். வாங்கல்லை.
'இப்ப இதைக் கொண்டுபோய் என்னன்னு சொல்ல?'
சாயா சொன்னேன். குடிக்கல்லை.
வாளிக்குள்ள பைய வச்சுட்டு,
மேல ரெண்டு டம்ளரை எடுத்து மூடிட்டுப் போனார்.

அதனால
உங்க வீட்டுப் பாத்திரத்தை அலமாரியில் வச்சுப் பூட்டுங்க.
சாவி சார் கையில் வேண்டாம்.
அட்வான்ஸ் ஐந்நூறு.
டெம்போ ஆறு மணிக்கு வரும், ஏழுன்னு வச்சுக்கோங்க.

நாற்காலி நூற்றிப்பத்துன்னா சொன்னேன்?
பதினொண்ணா எழுதுறேன்.
அந்த ஒண்ணுக்கு வாடகை இல்லை.
கடைசிப் பந்தி எழும்பின பிறகு
டம்ளர் எண்ண உட்காரணும் இல்லையா, உங்களுக்கு.

ஒரு கால் ஆடும்.
பார்த்து உட்காருங்க.