பதினான்காம் துளை

சுங்கை காடுட்டில்
மர ஆலை இருந்த இடம்.
குத்தகை முடிந்து கூரையைக் கழற்றிவிட்டார்கள்.
நிலத்தைத் திருப்பித் தரும்முன்
சான்றிதழ் வேண்டுமாம்.

அரை மீட்டரில் மஞ்சள் மணல்.
வாசனையே இல்லை.
கையுறையில் ஒட்டாமல் உதிர்ந்தது
நல்ல பிள்ளைபோல.

மூன்று மீட்டரில் கறுஞ்சேறு,
அழுகிய முட்டை நாற்றம்.
துளைபோடும் கலியமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு
"விஷம்ணே" என்றான்.
உள்ளே ஒரு சிப்பி,
வாயைத் திறக்காமல்.

இரண்டையும் புட்டிகளில் அடைத்து
பனிப்பெட்டியில் அடுத்தடுத்து வைத்தேன்.

வியாழனன்று முடிவு வந்தது.
சேறு சுத்தம். அலையாத்திக் காடு
செத்தும் கெடாமல் கிடந்திருக்கிறது.
மணலில் ஆர்செனிக்,
வரம்பைப்போலப் பதினொரு மடங்கு.

படிவத்தில் 'வாசனை' என்றொரு கட்டம்.
'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்,
என் கையெழுத்துதான்.
பக்கத்தில்
மதியச் சோற்றின் எண்ணெய்க் கறை.