தள்ளுபடி

செக்காலை ரோடு, மாடி அறை.
ஆடிட்டர் அருளானந்து
ஏசியை ரெண்டு கூட்டிவிட்டுச் சொன்னார்:
"பதினெட்டு லட்சம்.
இந்த வருஷ வருமானம்."

யாருக்கு, என்றேன்.

புதுவயல் மில்லை
வந்த விலைக்குத் தள்ளியாயிற்று,
பாய்லர், எடைமேடை,
நெல் காயும் களம் வரைக்கும்.
வாங்கியவர் நீட்டிய காசோலை
என் கையில் இருந்தது
வங்கியில் டோக்கன் கூப்பிடும் வரை.
போதாத மிச்சத்தை
மேலாளர் தள்ளுபடி செய்தார்.
எழுந்து நின்று கும்பிட்டேன்.

தள்ளியது எங்கே போய் விழும் என்று
அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.
இங்கே விழுந்திருக்கிறது,
என் பெயருக்கு நேரே
வரவில்.
அதற்கு வரி. மார்ச்சுக்குள்.

சிகப்பிக்கு போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் குக்கர் சத்தம் மட்டும்.
பிறகு,
"கட்டிக்கிட்டு இருபத்தாறு வருஷம்,
ஒரே வருஷத்தில இவ்வளவு
சம்பாதிச்சதே இல்லையே நீங்க.
வரும்போது இனிப்பு வாங்கிட்டு வாங்க."
சிரித்தாளா, தெரியவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு கடையில்
கால் கிலோ மைசூர்பாகு.
பையைத் துழாவினேன்,
நாலு ரூபாய் குறைந்தது.
"நாலு ரூபா தானே சார்,
விடுங்க" என்றான் பையன்.

விடாதே தம்பி, என்றேன்.
எழுதி வை.
நாளைக்கே வந்து தருகிறேன்.