நான்காவது கதவு

நாலு வீட்டுக்கு ஒரு வீடு.
பூட்டியிருந்தால் அதற்கடுத்தது.
மறுத்தால் ஒரு கோடு; வாக்குவாதம் கூடாது.
பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான்.
சீட்டா கேம்ப்பில்
எது ஒரு வீடு என்று யாரும் சொல்லித்தரவில்லை.
ஏணிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று,
நடுவில் தையல் மிஷினோடு
வாடகைக்கு ஒருவர்.

சுலபா சாக்பீஸால் எண் போடுகிறாள்,
ஜூலை அழிக்கிறது,
மறுபடி போடுகிறாள்.
பிளாஸ்டிக் அங்கிக்குள் நான்
வேகிற இட்லி.

"ரத்தத்தை வச்சு என்ன பாப்பீங்க?"
வந்துபோச்சான்னு பாப்போம்.
"யாரு?"
பின்னால் ஒரு பையன் சிரிக்கிறான்.
விருந்தாளி கிளம்பிய பிறகு
கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை எண்ணுகிற வேலை.
தம்ளரே வேண்டாமென்று
குழாயில் வாய்வைத்துக் குடித்துப் போனவர்கள்
கணக்கில் வரமாட்டார்கள்.
நூற்றில் இத்தனை தவறும் என்று
கிட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்
பதினாலு மாடி.
வாட்ச்மேன் இன்டர்காமில் கேட்டுவிட்டு
தலையை மட்டும் ஆட்டினான்.
அன்றைக்கு என் தாளில்
நிறைய கோடுகள்.

எஃப் செக்டரில் ஜொகரா
கேட்காமலே முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.
காய்ச்சல்? இல்லை.
இருமல்? இல்லை.
வீட்டில் யாருக்காவது?
"அவுகளுக்கு. மே மாசம்."
மேலே ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள் மூடிக் குழாயில்
மூன்று மில்லி, நல்ல அடர் சிவப்பு.

பன்னிரண்டு நாள் கழித்துச் சீட்டு கொடுக்கப் போனேன்.
இருக்கிறது என்றேன்.
வந்திருக்கிறது, தெரியாமலே போயிருக்கிறது,
பயப்பட ஒன்றுமில்லை.
மனப்பாடம் செய்த வரிகள்.

"எப்ப வந்துச்சு?"
அது தெரியாதும்மா.
"அவுகளுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மழை தகரத்தில் விழும் சத்தம்.
பால் வாங்க, ரேஷனுக்கு, பொதுக் கக்கூசு வரிசைக்கு
போய்வந்ததெல்லாம் அவள்.
மசூது மான்கூர்டு குடோன் மூடியதிலிருந்து
வாசலைத் தாண்டவில்லை.
இதை அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை.
ரத்தம் ஆமாம் என்று மட்டும் சொல்லும்.
என்றைக்கு, யாரிடமிருந்து யாருக்கு,
அதற்கு வாய் கிடையாது.

"இது உடம்புல எத்தன நாளு நிக்கும்?"
சில மாசம். அப்புறம் குறைஞ்சிடும்.
"அப்புறம் தேடினா?"
கிடைக்காமப் போகலாம்.
சீட்டை நாலாய் மடித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்தாள்.

வார்டு ஆபீஸில் எக்செல் திறந்து நிரப்பினேன்.
நூற்றுக்கு இத்தனை பேர்,
ஆண், பெண், வயது வாரியாக.
மசூதுக்குக் கட்டம் தேடினேன்.
மறுத்தவர் இல்லை அவர்,
பூட்டிய வீடும் இல்லை.
இருப்பவர்களிடம்தான் எடுக்கிறோம்
என்று சூப்பர்வைசர் சொன்னார்,
சரியாகத்தான் சொன்னார்.

தீபாவளிக்கு முன் இரண்டாம் சுற்று.
எண்ணத் தொடங்கும் இடம் இந்தமுறை மாறிவிட்டது,
விதிப்படி.
ஜொகராவின் கதவு மூன்றாவது.
சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு
படியில் நின்றிருந்தாள்.
சுலபா என்னைப் பார்த்தாள்.
அடுத்த வீட்டில் யாரோ
தாழ்ப்பாள் நீக்கும் சத்தம்.