சோதனைப் பதிப்பு

ஒன்பது நாளாக அவன் அதை அணைக்கவில்லை.
அணைத்தால் போச்சு.
காசு கட்டாத மென்பொருள்
எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்,
திரும்பத் திறந்து காட்டாது.

பேட்டரி போன வருஷமே செத்துவிட்டது.
அட்லாண்டாவின் தெற்கில், கிளீவ்லண்ட் அவென்யூவில்,
இரண்டாம் மாடிச் சமையலறைச் சுவரில்
ஒரே ஒரு பிளக்கில் தொங்குகிறது
லவெலின் பீட்.
பிளக்கின் மேல் ஒட்டிய சீட்டு: தொட்டால் கொலை.
அதன் கீழே அக்கா ஆர்லெண்டாவின் கையெழுத்து:
கரண்ட் பில்லில் உன் பாதி எங்கே?

வேகம் நூற்று நாற்பத்திரண்டு.
ஆனால் ஸ்னேர் மூன்றாம் அடியில்தான் விழும்.
அதனால் ஓடுகிற ஒன்று
சட்டைப்பையில் கைவிட்டு நடப்பதாகத் தெரியும்.
அந்தப் பாசாங்குதான் ட்ராப்.

ஹை-ஹாட்டுக்குத்தான் இரவெல்லாம் போனது.
கட்டத்தில் கட்டம், கட்டத்துக்குள் கட்டம்.
ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி,
சிலதை மூன்றாகக் கிழித்து,
அரை மாத்திரை, கால் மாத்திரை,
இமை மூடித் திறப்பதற்குள் ஆறு.
கிடுகிடு, சடசட, விறுவிறு.
பிரித்தால் பொருள் போய்விடும் சொற்களைப் போல
தனித்தனியே அவை ஒன்றுமில்லை,
தகர டப்பாவில் விழுந்த ஊசி.

எயிட்-ஓ-எயிட் வேறு ரகம்.
லேப்டாப் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது.
ஹெட்போனில் இடது பக்கம் ஊமை.
வலது காதை மட்டும் நம்பி
கிக்கும் பேஸும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டான்:
குறுகிய படிக்கட்டில் சோபா தூக்கி வருகிறவனுக்கு
ஒதுங்கி நிற்கிறவனைப் போல
கிக் விழும் நொடியில் பேஸ் கொஞ்சம் பின்வாங்க வேண்டும்.
பிறகு சறுக்கலாம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு.

அவனுக்கு மிகவும் பிடித்தது பியானோ.
நான்கு சுரம், மைனர், கொஞ்சம் அழுகை.
அதை மூன்று முறை ஊமையாக்கித் திரும்பக் கூப்பிட்டான்.
நாலாவது முறை கூப்பிடவில்லை.
பாடுகிறவன் நிற்க வேண்டிய இடத்தில்
அழகு நாற்காலி போட்டு உட்காரக் கூடாது.

நாலு மணிக்குக் கோப்பாக இறக்கி
கீவோனுக்கு அனுப்பிவிட்டுக் கீழே போனான்.
பழைய ப்யூக். டிக்கியில் இரண்டு ஸ்பீக்கர்,
காருக்குக் கொடுத்ததைவிட அதிக விலை.
முதல் பேஸ் விழுந்ததும்
நம்பர் பிளேட்டுக்குப் பல் கிட்டியது,
கண்ணாடியில் தெருவிளக்கு இரண்டானது,
எதிர்வீட்டு நாய் யோசித்து, ஒரே ஒருமுறை குரைத்தது.
இத்தனை நாள் திரையில் பச்சைக் கோடாக இருந்தது
முதுகில் கைவைத்துத் தள்ளியது.

அப்போதுதான் கேட்டது.
பன்னிரண்டாம் சுற்றில் ஒரு ஹாட்
மயிரிழை தாமதம்.
குற்றியலுகரம் மாதிரி, வாய்க்குள்ளேயே பாதி தேய்ந்த ஒலி.
மவுஸால் ஓர் இழுப்பு. அவ்வளவுதான்.
படிகளை இரண்டிரண்டாக ஏறினான்.

சமையலறையில் ஆவி.
ஆர்லெண்டா விமான நிலையச் சீருடைக்கு
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
சீட்டைக் கிழிக்கவில்லை; பத்திரமாக எடுத்து
ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள்.
திரை கறுப்பு. அதில் அவன் முகம்.
"அஞ்சரைக்கு ஷிஃப்ட்," என்றாள், காலரைத் திருப்பிப் போட்டபடி.
பிறகு உதட்டை மூடிக்கொண்டு
எதையோ முனகியபடியே தேய்த்தாள்.
நான்கு சுரம். மைனர்.
அவன் ஊமையாக்கிய அதே நான்கு.

கத்துவதற்கென்று திறந்த வாய்
திறந்தபடி நின்றது.
போன் அதிர்ந்தது. கீவோன்:
வெறி பீட்டுடா.
அந்தப் பன்னிரண்டுல ஒண்ணு இடறுதே,
வேணும்னே வெச்சியா?

ஆமாம் என்று அடித்தான்.
அழித்தான்.
இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது.
ஆமாம் என்று அடித்தான்.