சூடு பட்டால் எழுதும் தாள்

மை கிடையாது இந்த எந்திரத்தில்.
முதல் நாளே யாக்னா சொன்னாள்:
"சூடு பட்டால் தாளே எழுதிக்கொள்ளும்."
நகத்தால் கீறிக் காட்டினாள்.
கறுப்பாக ஒரு கோடு.
எனக்கு இருபத்திரண்டு வயசு. மாயம்போல இருந்தது.

வூச் நகரம். பழைய நூற்பாலையின் செங்கல் சுவருக்குள்
பதினோரு கல்லாக்கள். நான் நான்காவது.
முட்டைகோஸ், பன்றிக் கொழுப்பு, பூனைத் தீனி,
கல்லறையில் ஏற்றும் சிவப்புக் கண்ணாடி விளக்கு,
பீப், பீப்,
கடைசியில் வெள்ளையாக நீளும் ஒரு நாக்கு.
கிழித்துக் கொடு. கிழித்துக் கொடு.
ரசீது வேண்டாம் என்பவருக்கும் அச்சாகும்,
சட்டம் அப்படி.
வேண்டாதவை என் உள்ளங்கையில் கசங்கும்.

குளிர்காலத்தில் விரல் வெடிக்கும்.
களிம்பு தடவிக்கொண்டே கிழிப்பேன்.
பிறகு கிருமிநாசினி வந்தது, ஆளுக்கு ஒரு பீச்சு.
ஈரக் கையில் தாள் நன்றாக ஒட்டும்.
நன்றாக உள்ளேயும் போகும் என்று
யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை.

மூன்று நாள் ஆறானது.
ஆறு, பதினொன்று.
வலி என்பது சின்ன வார்த்தை.
யாரோ உள்ளே உட்கார்ந்து
ஈரத் துணி பிழிகிறார்கள்,
அவசரமே இல்லாமல்.
"எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்றார் மேலாளர் லேஷெக்.
அம்மாவும் அதையே சொன்னாள்.
வேறெதிலும் அவர்கள் ஒத்துப்போனதில்லை.

எட்டு வருடம் கழித்து அதற்கு ஒரு பெயர் கிடைத்தது:
எண்டோமெட்ரியோசிஸ்.
மருத்துவர் தோமலா மேசையில் தாள் தேடினார்.
என் பையிலிருந்து ஒரு ரசீதை நீட்டினேன்.
அதன் முதுகில் கருப்பையை வரைந்தார்,
தலைகீழ்ப் பேரிக்காய்,
இரண்டு பக்கமும் கை விரித்த குழாய்கள்,
வெளியே, இருக்கக் கூடாத இடங்களில்
பேனா குத்திய புள்ளிகள்.
பிறகு தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தார்.
"இதில் ஒரு ரசாயனம் உண்டு.
உடம்பிடம் ஈஸ்ட்ரோஜன் வேடம் கட்டும்."
"அப்போது, இதனாலா?"
பேனாவை மூடினார்.
"சொல்ல முடியாது.
இல்லை என்றும் சொல்ல முடியாது."

இப்போது வரும் சுருள்களின் பெட்டியில்
பச்சை இலை அச்சடித்திருக்கிறார்கள். பிபிஏ இல்லை.
பொடி எழுத்தைப் படித்தவள் யாக்னா.
பிபிஎஸ்.
கடைசி எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவே.
"அண்ணன் போனான்,
தம்பியைக் குடிவைத்துவிட்டு" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
சிரித்தால் இடது பக்கம் இழுக்கும்.

நேற்று ராத்திரி ஏப்ரனைக் கழற்றாமலே படுத்தேன்,
அடிவயிற்றில் வெந்நீர்ப் பை.
பாக்கெட்டில் அந்த ரசீது இருந்ததை மறந்துபோனேன்.
காலையில் எடுத்தால்
முன்பக்கம் முழுக்கக் கறுப்பு.
ரொட்டி, வெங்காயம், தேதி, வரி,
எல்லாம் ஒரே இருட்டு.
திருப்பினேன்.
பேரிக்காய் அப்படியே இருந்தது, புள்ளிகளோடு.

கையுறை கேட்டு மனு கொடுத்திருந்தேன்.
வாடிக்கையாளர் நம்மை நோயாளி என்று நினைப்பார்களாம்.
மருந்துக்கடையில் சொந்தக் காசுக்கு வாங்கினேன்,
நீல நிறம், ஐம்பது ஜோடி.
அங்கிருந்த பெண் வெறுங்கையால் ரசீதைக் கிழித்து நீட்டினாள்.
களிம்பின் மினுமினுப்பு அவள் விரல்களில்.

பெட்டியைப் பிரித்து
ஒரு ஜோடியை அவள் பக்கம் தள்ளினேன்.
அவளுக்குப் புரியவில்லை.
எனக்குப் பின்னால் வரிசை நின்றது.