ஒன்றரை மீட்டர்

மேலாளர் மூன்று சாமான் தந்தார்:
முடி உலர்த்துகிற மெஷின்,
சுண்ணாம்பு சுரண்டும் தகடு,
ஒரு டப்பா ஸ்பிரிட்.
"விடியறதுக்குள்ள அத்தனை காலும் போயிடணும், ஷூர்ஷோ."

காலென்றால் மஞ்சள் கால்கள்.
இரண்டு வருஷத்துக்கு முன்னால்
இதே கையால் நான் ஒட்டியவை.
மண்டி போட்டு, டேப் பிடித்து,
ஒன்றரை மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று
மீன் பகுதியிலிருந்து கல்லா வரை.
அந்த வாரம் வீகோவின் தெருக்களில்
கடற்காகங்கள் மட்டுமே
இஷ்டத்துக்கு நடந்தன.

சூடு காட்டினால் ஓரம் சுருளும்.
சுருண்டதும் தகட்டை நுழைக்க வேண்டும்.
முதல் ஜோடி தேய்ந்து வெளுத்திருந்தது,
வலது குதிகால் மட்டும் கூடுதலாய்.
காத்திருக்கும்போது மனுஷர்கள்
ஒரு காலில்தான் சாய்கிறார்கள் போல.
கடைசி ஜோடி, குளிர்பெட்டிப் பக்கம்,
ஒட்டிய நாள் போலவே பளபளத்தது.
அவ்வளவு நீள வரிசை வந்தது
முதல் வாரம் மட்டும்தான்,
மாவுக்கும் ஈஸ்ட்டுக்கும்.

நாலாவது ஜோடியில் எலாடியோ நிற்பார்,
கப்பல் பட்டறையில் வெல்டராய் இருந்தவர்.
நாயை வாசலில் கட்டிவிட்டு வந்து
காலுக்குள் கால் பொருந்தும்படி
ஷூவைத் திருத்தித் திருத்தி வைப்பார்.
ஜனவரியில் நாயை வேறொருத்தி கூட்டிவந்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
நாய் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.
அந்த ஜோடிக்கு மட்டும்
தகட்டைக் கீழே வைத்துவிட்டு
நகத்தால் உரித்தேன்.
அரைமணி நேரம் வீண்.

சபேலாவின் கல்லாவில்
பிளாஸ்டிக் தடுப்பு. அதுவும் போகணுமாம்.
நாலு திருகாணி, ஒன்று துருவேறி அடம்பிடித்தது.
அவள் வாய் உயரத்தில்
எத்தனை துடைத்தும் போகாத ஒரு மங்கல்.
விலை, சில்லறை, பை வேணுமா,
எல்லாமே இரண்டு தடவை சொல்லி
அவள் குரல் தடித்துவிட்டது.
காய்ச்சலில் தடித்ததாகவும் இருக்கலாம்.
காய்ச்சல் போய்ப் பதினாலு மாசம்.
இன்னும் மூன்றாவது படியில் நின்றுவிடுகிறாள்,
செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி.
அவள் கேட்டது ஒரு நாற்காலி.
தலைமை அலுவலகம் பதில் போட்டது:
கொள்ளைநோய்க் காலச் சலுகைகள் முடிந்துவிட்டன.

ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏற்றினோம்.
மழை. குடைகள். பிறகு வாய்கள்.
அம்மாடி, எத்தனை வாய்கள்!
நான் மனசில் வரைந்து வைத்திருந்த ஒன்றுகூட
அதன் முகத்தில் இல்லை.
பழம் நிறுக்கிற தொசிந்தா என்னைப் பார்த்து
"உனக்கு இவ்வளவுதானா தாடை?" என்றாள்.

தரையில் ஒரு அடையாளமும் இல்லை.
வரிசை மட்டும் நின்றது,
பழைய இடத்தில், பழைய தூரத்தில்.
இரண்டு பேருக்கு நடுவில்
இன்னொருவர் தாராளமாய் நிற்கலாம்.

அந்தியாவுக்கு மூன்றரை வயசு.
கடை என்றால் அவளுக்கு
மஞ்சள் காலிலிருந்து மஞ்சள் காலுக்குத் தாவுகிற இடம்,
வேறெந்தக் கடையும் அவள் பார்த்ததில்லை.
ஓடிவந்தாள். முதல் தாவலுக்குத் தூக்கிய கால்
தூக்கியபடியே நின்றது.
"காலெல்லாம் எங்க?"
அவள் அம்மா என்னைப் பார்த்தாள்,
நான் சபேலாவைப் பார்த்தேன்.
கவிழ்த்துப்போட்ட பால் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள் அவள்.
இரவே நான்தான் வைத்தேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.
"வீட்டுக்குப் போயிடுச்சு" என்றாள்,
இடையில் தடுப்பு இருப்பதாகவே நினைத்து
தேவைக்கு மேல் சத்தமாய்.

மூன்று வாரம் ஆகிறது.
பசை முழுசாய்ப் போகவில்லை.
ஒவ்வொரு ஜோடி இருந்த இடத்திலும்
தெருவழுக்கு, மழைச்சேறு, படகுத்துறை எண்ணெய்
கொஞ்சம் கொஞ்சமாய் ஒட்டி
கறுப்பாய்த் திரும்பி வருகின்றன கால்கள்.
அந்தியா முதலில் கண்டுபிடித்தாள்.
அடுத்தது மேலாளர்.
இன்னும் காட்டமான ஸ்பிரிட் வாங்கித் தந்திருக்கிறார்.
திங்கள்கிழமை துடைக்கிறேன் என்றேன்.
எந்தத் திங்கள் என்று அவர் கேட்கவில்லை.